கோட்டுக்குக் கீழே இருந்த விடை

தேர்வுத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது இப்போதெல்லாம் சில சரியான விடைகளின் ஓரத்திலும் நான் புள்ளி வைக்கிறேன். புள்ளி என்றால் அங்கே ஏதோ பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். தப்பா, சரியா என்பதை அவர்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். சரி என்றால், ஏன் சரி என்று என்னிடம் வாதாட வேண்டும்.

“ரைட்டுக்கும் ரீசன் கேட்டா எப்படி சார்? பேஜாரா இருக்கு” என்று புது மாணவிகள் அலுத்துக்கொள்வார்கள். நான் காரணம் சொல்வதில்லை. காரணம் ஓர் அக்கா. அவருடைய நான்கு மாதம்.

பல்லாவரத்தில், கைப்பேசிக் கடை ஒன்றின் மாடியில், செவிலியர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். ஜெர்மனியில் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. இங்கே இரவுப் பணியும் பகல் பணியும் மாறிமாறிப் பார்த்து ஓய்ந்த நர்சுகள், நடுவில் கிடைக்கும் நேரத்தில் வந்து உட்கார்ந்து மொழி படிக்கிறார்கள். பி-டூ என்கிற நிலையில் தேறினால்தான் விமானம் ஏற முடியும். விமானமோ எங்கள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருக்கும். கேட்டல் பயிற்சிக்கான ஒலிப்பதிவை ஓடவிட்டால், நடுவில் இரண்டு மூன்று முறையாவது நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பாவுக்கு நாகல்கேணியில் தோல் கம்பெனியில் வேலை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். பரீட்சைத்தாளில் அந்தக் கையெழுத்து வாங்கப் போனால், அம்மா தாளை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு சிவப்பு என்று பார்ப்பாள். “இன்னாடா, இவ்ளோ செவப்பா கீது?” என்பாள். நான் தலை குனிவேன். எனக்கும் அதற்கு மேல் தெரியாது. ஏன் தப்பு என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லை. பள்ளியில் அறுபது பேருக்குத் தனித்தனியாகச் சொல்ல யாருக்கும் நேரம் இல்லை. சரியான விடையைப் பலகையிலிருந்து பார்த்து எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அதே தப்பு அடுத்த தேர்விலும் வரும்.

கல்லூரியில் ஜெர்மன் எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்று ஒரு சீனியர் சொன்னதை நம்பி எடுத்தேன். அள்ள முடியவில்லை. ஆனால் அங்கேதான், என் தப்புகளை நானே ஒரு நோட்டில் எழுதி, அந்த நேரத்தில் எதை நினைத்து அப்படி எழுதினேன் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. அந்த நோட்டு என்னைத் தேற வைத்தது. அதனால், ஆசிரியர் ஆனதும் என் வகுப்பில் சிவப்பு மை கிடையாது, மதிப்பெண் முதலில் கிடையாது, ஓரத்தில் புள்ளி மட்டும் என்று வைத்தேன். சனிக்கிழமை மாதிரித் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை புள்ளி வைத்த தாள். பிழையைத் தேடி, திருத்தி, பிழை நோட்டில் காரணம் எழுதிக் காட்டினால்தான் மதிப்பெண் சொல்வேன்.

மையத்தின் உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. “தம்பி, அவங்க பாஸ் பண்ண வந்திருக்காங்க, பாவமன்னிப்பு கேக்க வரல” என்றார். ஆனால் என் முதல் அணியில் பதினோரு பேரில் எட்டுப் பேர் முதல் முயற்சியிலேயே தேறினார்கள். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா இரண்டாவது அணியில் வந்தார். முப்பத்தொன்பது வயது. முடிச்சூரிலிருந்து வருவார். குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினேழு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். மற்றவர்கள் எல்லாம் இருபத்தைந்தைத் தாண்டாத பெண்கள். முதல் நாள் அவர் உள்ளே வந்தபோது, யாருடைய அம்மாவோ என்று நினைத்து நான் நாற்காலியைக் காட்டினேன். “சேர வந்திருக்கேன் சார்” என்றார். வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்தார்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு கடிதம் இருந்தது. ஜெர்மனியில் ஏதோ ஒரு சிறிய ஊரின் முதியோர் இல்லம், ஏஜென்சி வழியாக அவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. நவம்பர் முடிவதற்குள் பி-டூ தேறிய சான்றிதழ் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் வேறொருவருக்கு. நாற்பதைத் தாண்டினால் இன்னொரு இடம் பிடிப்பது கஷ்டம் என்று ஏஜென்சிக்காரர் முன்பே சொல்லிவிட்டாராம். அவர் சேர்ந்தது ஜூலையில்.

“எதுக்குக்கா இந்த வயசுல?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள், பெருங்களத்தூரிலிருந்து வரும் வாயாடிப் பெண் ஒருத்தி.

“பதினேழு வருஷமா டெரஸ்ல யூனிஃபார்ம் காயப் போடச் சொல்லோ பிளேன பாக்கறேன். ஒரு தபா அதுலேர்ந்து கீழ பாக்கணும்” என்றார் அக்கா.

“அதுக்கு மதுரைக்கு டிக்கெட் போட்டா போதுமேக்கா.”

“மதுரையில எனக்கு யாருடி வேலை குடுப்பா?”

முதல் மாதிரித் தேர்வு முடிந்து தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது அவருடைய தாள் மட்டும் தனியாகத் தெரிந்தது. மற்றவர்கள் மாற்ற வேண்டிய இடத்தில் வெள்ளை மையைப் பூசியிருந்தார்கள், அல்லது கிறுக்கி மறைத்திருந்தார்கள். அக்கா ஒரே ஒரு கோடு இழுத்திருந்தார். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்து. அதற்குப் பக்கத்தில் மணி.

“இது என்னக்கா?”

“கேஸ் ஷீட் பழக்கம் சார். அதுல ஒயிட்னர் போட்டா சீட்டு கிழிஞ்சிடும். தப்பா எழுதிட்டோம்னா ஒரே கோடுதான். கீழ இன்னா எழுதியிருந்ததுன்னு யாரு வேணா படிக்க முடியணும். யாரு அடிச்சா, எப்ப அடிச்சான்னும் தெரியணும்.”

எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. பிழையை மறைக்காதே, அதன் கீழே கையெழுத்துப் போடு. நான் வகுப்பில் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்ததை அவருடைய வார்டு முன்பே சட்டமாக வைத்திருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முழுவதற்கும் ஒற்றைக் கோடு, முதலெழுத்து என்று அறிவித்தேன். நர்சுகளுக்கு அது கைவந்த விஷயம். வெள்ளை மைப் புட்டிகள் மேசைகளிலிருந்து காணாமல் போயின.

இளம் பெண்களுடைய பிழை நோட்டுகளைப் படித்தபோது, பெரும்பாலும் ஒரே காரணம்தான் வந்தது. அவசரம். கொடுத்த விடைகளில் ஒன்றில் இருக்கும் சொல் பத்தியிலும் இருந்தால் போதும், பாய்ந்து அந்த விடையை எழுதிவிடுவார்கள். அதனால் ஒரு நாள் பலகையின் மேல் ஓரத்தில் பெரிதாக எழுதிப் போட்டேன்: முதலில் தோன்றியதை நம்பாதே. அதை அழிக்க வேண்டாம் என்று பெருக்க வரும் அம்மாவிடமும் சொல்லிவைத்தேன். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

அது அந்தப் பெண்களுக்கு வேலை செய்தது. பெருங்களத்தூர்ப் பெண் ஐந்து வாரத்தில் பதினைந்து மதிப்பெண் ஏறினாள். என் வழி சரி என்பதற்கு வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

அக்காவின் தாளில் கோடுகள் கூடிக்கொண்டே போயின. ஆகஸ்டில் ஒரு தாளுக்கு இரண்டு மூன்று. செப்டம்பர் முடிவில் பத்துப் பன்னிரண்டு. எல்லாம் தேர்வு நேரத்துக்குள், தாளைக் கொடுப்பதற்கு முன்பே அவராக அடித்தவை. “அக்கா பேப்பர பாருங்க சார், கரெண்டு கம்பி போன மாதிரி இருக்கு” என்றாள் பெருங்களத்தூர்ப் பெண். நான் அந்தத் தாளை வாங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினேன்.

“சிரிக்காதீங்க. நான் புள்ளி வைக்கறதுக்கு முன்னாடியே அவங்களே தேடறாங்க பாருங்க. இப்படித்தான் இருக்கணும்.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டு மேசையைத் துடைத்தார். அவருக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் கோடுகள் இன்னும் கூடின.

மதிப்பெண் கூடவில்லை. தேற ஒவ்வொரு பகுதியிலும் அறுபது வேண்டும். எழுதுவதிலும் பேசுவதிலும் அவர் எப்போதும் எழுபதைத் தாண்டினார். நோயாளியிடம் பேசுவதுபோல் பேசச் சொன்னால், எனக்கே வராத நிதானம் அவருக்கு வரும். வாசிப்பில் மட்டும், ஜூலையில் அறுபத்தைந்தில் இருந்தவர் அக்டோபரில் ஐம்பத்தெட்டில் நின்றார். வயது, தூக்கமின்மை, இரவுப் பணி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அவருடைய பிழை நோட்டில் இருந்தது இரண்டே வரிகள்தான். ‘சரியாக யோசிக்கவில்லை.’ ‘இன்னும் யோசித்திருக்க வேண்டும்.’ பக்கம் பக்கமாக அதையே எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நான் பார்த்ததற்கு அடையாளமாகக் கையெழுத்திட்டேன்.

நவம்பர் முதல் வாரத்தில் தேர்வு. முந்தின நாள் கேட்டார். “எதுனா கடைசியா சொல்லுங்க சார்.”

“எல்லாத்தையும் இன்னொரு தடவை பாருங்கக்கா. மாத்தணும்னு தோணினா தயங்காதீங்க” என்றேன்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. காலைப் பணிக்கு நடுவில் கூப்பிட்டார். வகுப்புக்கு வெளியே நான் அவருக்குத் தம்பி.

“வாசிப்புல போச்சு தம்பி. ரெண்டு மார்க்.”

மறுபடி எழுதலாம் என்றேன். அடுத்த தேதி ஜனவரியில்தான் என்று இருவருக்கும் தெரியும்.

“வுடு தம்பி. நீ இன்னா பண்ணுவ, உன்னால ஆனத பண்ண” என்றார். பிறகு, போனை வைக்கப் போகும்போது சும்மா சொல்வதுபோலச் சொன்னார். “அங்க நாலு எடத்துல மாத்துனேன். மாத்தாம வுட்டிருக்கலாமோன்னு இப்பத் தோணுது.”

அன்று மதியம் வகுப்பு இல்லை. மாதிரித் தேர்வுத் தாள்கள் எல்லாம் அலமாரியில் கட்டுக் கட்டாக இருந்தன. அவருடையவற்றைத் தேடி எடுத்து, விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திருத்தும்போது கோட்டுக்கு மேலே இருப்பதை மட்டும்தான் பார்ப்பேன். கடைசி விடை எதுவோ அதற்குத்தான் மதிப்பெண். அடித்ததைப் படிக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. அன்றுதான் முதல்முறையாகக் கோட்டுக்குக் கீழே படித்தேன்.

முதல் தாளில் அடித்த இரண்டில் ஒன்று சரியான விடை. தற்செயல் என்று நினைத்தேன். ஆகஸ்டு கடைசித் தாளில் மூன்றில் இரண்டு. செப்டம்பரில், ஒன்பது கோடுகளின் கீழே ஏழு சரியான விடைகள். அக்டோபர் தாள்களில் எண்ணுவதை விட்டுவிட்டு மதிப்பெண்ணையே கூட்டிப் பார்த்தேன். அவர் முதலில் எழுதியதை அப்படியே விட்டிருந்தால் எழுபது, எழுபத்திரண்டு வந்திருக்கும். ஒரு தாளில் எழுபத்தைந்து.

வெள்ளை மை பூசியிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. அவர் எல்லாவற்றையும் படிக்கும்படியாகத்தான் வைத்திருந்தார், மணியோடு. பெரும்பாலான கோடுகள் தேர்வின் கடைசிப் பத்து நிமிடங்களில் விழுந்திருந்தன. முதலில் நிதானமாகச் சரியாக எழுதி முடித்துவிட்டு, பிறகு நான் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கலைத்திருக்கிறார். மற்றவர்களின் நோய்க்கு நான் கொடுத்த மருந்தை, அந்த நோயே இல்லாத ஒருவர் நான்கு மாதம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறார். நான் அதைப் பார்த்து வகுப்பில் பாராட்டியிருக்கிறேன்.

நாற்காலியைப் போட்டு ஏறி, பலகையின் மேல் ஓரத்தில் இருந்ததை அழித்தேன். பல நாள் எழுத்து. நனைத்த துணியால் தேய்த்தும் தடம் போகவில்லை.

உரிமையாளரிடம் எண் வாங்கி ஏஜென்சிக்காரரிடம் பேசினேன். ஜனவரிவரை இடத்தை வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். “சார், லிஸ்ட்ல நெக்ஸ்ட் கேண்டிடேட்டுக்கு மெயில் போயிடுச்சு” என்றார். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை.

அடுத்த நாள் காலைப் பணி முடியும் நேரத்துக்குக் குரோம்பேட்டை போனேன். மருத்துவமனைக்கு எதிரே உள்ள டீக்கடையில், பெஞ்சில் தாள்களோடு காத்திருந்தேன். இரண்டரை மணிக்கு அக்கா வந்தார். சேலை மாற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இன்னா தம்பி, வகுப்பு இல்லயா? ரெண்டு டீ போடுண்ணா” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தாள்களைக் காட்டினேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்திருந்தும் வாயில் சரியாக வரவில்லை. இது முதலில் எழுதியது, இது விடைக்குறிப்பு, இது நீங்கள் மாற்றியது என்று விரலால் காட்டிக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான்கைந்து தாள் தாண்டியதும் என் கையிலிருந்து கட்டை வாங்கித் தானே புரட்டினார்.

ஒரு பத்தியில் நின்றார். முதியோர் இல்லத்தில் பணி நேரம் மாற்றப்பட்டதைப் பற்றி ஒரு செவிலி எழுதிய கடிதம் அது. எழுதியவரின் கருத்து என்ன என்று கேள்வி. அக்கா முதலில் பி என்று எழுதி, பிறகு சி என்று மாற்றியிருந்தார்.

“இது பி தான?”

“ஏன்க்கா பி?” பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

“அவ டைம் மாத்துனத எதிர்க்கல தம்பி. மாத்திக்க, ஆனா எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு மாத்துன்றா. சி-ல எதிர்க்கறான்னு இருக்கு. எங்க எதிர்க்கறா? கடைசி வரியில பாரு, நான் வந்துடுவேன்னுதான எழுதியிருக்கா.” விரல் அந்த ஜெர்மன் வரியின் மேல் வேகமாக ஓடியது. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை.

“அப்புறம் ஏன் மாத்துனீங்க?”

“படிச்ச உடனே புரிஞ்சிச்சு. எனக்கே டக்குனு புரியுதுன்னா அது தப்பாதான இருக்கும்? நமக்குப் போய் இவ்ளோ ஈசியா வருமா பரீட்சைன்னு...”

எனக்கு அது நன்றாகத் தெரிந்த இடம். எளிதாக வந்தது நம்முடையதாக இருக்காது என்கிற பயத்தைச் சுமந்துகொண்டுதான் நானும் கல்லூரிப் படியேறினேன். அதே பயத்தை அவருக்கு ஒரு முறையாக்கிப் பழக்கியவன் நான்.

டீ வந்தது. அவர் தொடவில்லை.

“மறுபடி எழுதுங்கக்கா. நான் கூட இருக்கேன். நிச்சயமா பாஸ் ஆவீங்க. உங்களுக்கு மொழி வந்திருக்கு, அதத்தான் காட்ட வந்தேன்.”

“எடம் போயிடுச்சுல்ல?”

“ஆமா.”

“அந்தாளு வேற எடம் தருவானா?”

நான் டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “வூட்ல எல்லார்கிட்டயும் எனக்கு ஜெர்மன் வரலன்னு சொல்லிட்டேன். பசங்க சாயந்தரம் பூரா மூஞ்ச தூக்கி வச்சிகினு இருந்தானுங்க, அப்புறம் வுட்டுட்டானுங்க. அவரும் போனா போவுதுன்னுட்டாரு. நானும் நம்பிட்டேன். வரல, அவ்ளோதான், நம்ம மண்ட அவ்ளோதான்னு நேத்துதான் நல்லாத் தூங்குனேன்.” கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். “இப்ப வூட்டுக்குப் போயி, எனக்கு வந்துச்சுன்னு சொல்லவா?”

“மன்னிச்சிடுங்கக்கா. தப்பு என்னுது.”

“யாரு தப்புன்னு நான் கேக்கலயே தம்பி.” குரல் உயரவில்லை. வார்டில் பயந்த நோயாளியிடம் பேசும் அதே குரலாகத்தான் இருந்திருக்கும். “ஏன் கொண்டாந்து காட்டுன? உனக்குத் தெரிஞ்சிச்சு. நீ வச்சிகினு இருந்திருக்கலாம்ல?”

தாம்பரம் பேருந்து ஒன்று வந்து நின்றது. அவர் எழுந்து, கடைக்காரரிடம் இரண்டு டீக்கும் காசு கொடுத்தார். நான் பர்ஸை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார். “ஒழுங்கா சாப்புடு, எளச்சுப் போய்ட்ட” என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். பேருந்தில் கூட்டம். படியில் ஒரு கால் வைத்து உள்ளே நுழைந்ததைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தாரா என்று தெரியவில்லை, நடுவில் ஒரு லாரி நின்றுவிட்டது.

அவருக்கு ஒன்று கொடுக்கப் போவதாகத்தான் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். முந்தின நாள் மதியத்திலிருந்து என்னால் தனியாகத் தாங்க முடியாமல் இருந்ததைக் கொண்டுபோய் அவர் மடியில் இறக்கிவிட்டு வந்திருக்கிறேன் என்று அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது.

பெஞ்சில் தாள்கள் கிடந்தன. அவர் புரட்டியதில் தேதி வரிசை கலைந்து, அக்டோபரும் ஜூலையும் ஒன்றாகிவிட்டிருந்தன. அடுக்காமல் அப்படியே அள்ளிப் பைக்குள் வைத்தேன். “அந்தம்மா டீ குடிக்கவே இல்லயே சார், எடுத்துடவா?” என்று கடைக்காரர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.